பன்னிரண்டு ஊர்களின் ஒப்பந்தம்

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஸ்காட்லாந்து நோக்கிப் போகும் ரயில்கள் பிரஸ்டனில் நிற்கும். வெளிநாட்டுப் பயணிகளில் இங்கே இறங்குபவர்கள் குறைவு. ஏரி மாவட்டத்துக்கோ கிளாஸ்கோவுக்கோ போகிறவர்களுக்கு இது வழியில் வரும் ஒரு நிலையம், அவ்வளவுதான். இங்கிலாந்தின் கால்பந்தைப் பார்க்கக் கடல் கடந்து வருகிறவர்களும் மான்செஸ்டர், லிவர்பூல், லண்டன் மூன்றோடு முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் உலகெங்கும் இன்று நடக்கும் லீக் பந்தயங்களுக்கெல்லாம் முன்மாதிரியான 1888-89 சீசனை அறிய விரும்புகிறவர் பிரஸ்டனில் இறங்கி, கோல்ன் என்ற சிற்றூருக்குப் போகும் உள்ளூர் ரயிலில் ஏற வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அந்த ரயில் பிளாக்பர்ன், அக்ரிங்டன், பர்ன்லி ஆகிய ஊர்களைத் தொட்டுவிடும். பிரஸ்டனையும் சேர்த்தால், முதல் சீசனில் ஆடிய பன்னிரண்டு அணிகளில் நான்கின் ஊர்கள் இந்த ஒரே தடத்தில் இருக்கின்றன. பக்கத்து போல்டனும் லிவர்பூலின் எவர்டனும் சேர்ந்தால் லங்காஷயரின் பங்கு ஆறு. மற்ற ஆறும் நடு இங்கிலாந்தின் தொழில் நகரங்கள்: ஆஸ்டன் வில்லா, டெர்பி, நாட்ஸ் கவுண்டி, ஸ்டோக், வெஸ்ட் பிராம்விச், வுல்வர்ஹாம்ப்டன். பர்மிங்காமுக்குத் தெற்கே ஓர் அணிகூட இல்லை. 1893இல் வுல்விச் ஆர்சனல் சேரும்வரை லண்டனுக்கு இதில் இடமே இருந்ததில்லை.

பணம் வந்து கால்பந்தைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பலை இங்கிலாந்தில் எங்கும் கேட்கலாம். இந்த ரயில் தடத்தின் வரலாறு அதை ஒப்புக்கொள்ள விடுவதில்லை. இந்த ஊர்களுக்கு ஆட்டத்தைத் தந்ததே பணம்தான். ஒரு லீக் என்பது போட்டியாளர்கள் ஒருவரையொருவர் உயிரோடு வைத்திருப்பதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் நின்றவரை சிற்றூர்களின் அணிகள் பெருநகரங்களோடு சமமாக ஆடின. பணக்கார அணிகள் அதிலிருந்து படிப்படியாக விலகியபோது சிற்றூர்கள் சரிந்தன. ஆகவே கேடு ஆட்டக்காரர் வாங்கும் கூலியில் இல்லை, பங்கு நின்றுபோனதில் இருக்கிறது என்பதே என் வாதம். அதற்கான சாட்சியங்கள் ஊர் ஊராக இந்தத் தடத்திலேயே கிடைக்கின்றன.

பிரஸ்டன் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் டீப்டேல் மைதானம் இருக்கிறது. 1878 முதல் இங்கே கால்பந்து ஆடப்படுகிறது. பிரஸ்டன் நார்த் எண்ட் கிளப்பை உயர்த்தியவர் மேஜர் வில்லியம் சடல் என்ற பஞ்சாலை மேலாளர். ஸ்காட்லாந்திலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்களை அழைத்து வந்து, ஊரில் வேலையும் கையில் பணமும் கொடுத்து ஆட வைத்தார். அன்றைய விதிப்படி அது குற்றம். 1884 தொடக்கத்தில் எஃப்.ஏ. என்ற கால்பந்துச் சங்கத்தின் கோப்பையில் பிரஸ்டனோடு சமனில் முடித்த அப்டன் பார்க் என்ற லண்டன் அமெச்சூர் அணி புகார் கொடுத்தது. சடல் மறைக்கவில்லை, பணம் கொடுக்கிறோம், மற்றவர்களும் கொடுக்கிறார்கள் என்றார். பிரஸ்டன் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டு வடக்கத்திய கிளப்புகள் தனிச் சங்கம் காணப்போவதாக மிரட்டவே, 1885 ஜூலையில் ஊதியத்துக்கு ஆடுவது சட்டப்படி ஏற்கப்பட்டது. இதை ஒழுக்கம் தோற்றுப் பணம் வென்ற கதையாகச் சொல்வது வழக்கம். ஆனால் அமெச்சூர் கொள்கையைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார்? உயர்தரப் பள்ளிகளில் படித்து, பிழைப்புக்காக வேலைக்குப் போகத் தேவையில்லாதவர்கள். வாரம் முழுக்கத் தறியில் நிற்பவன் வெளியூரில் ஆட வேண்டுமானால் அன்றைய கூலியை இழக்க வேண்டும். கால் முறிந்தால் வீட்டில் அடுப்பெரியாது. கூலி இல்லாத ஆட்டம் என்பது கூலியாட்கள் இல்லாத ஆட்டம். அதை உடைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

ஊதியம் சட்டமானதும் புதிய சிக்கல் வந்தது. சம்பளம் வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும், ஆனால் ஆட்டங்கள் வாரந்தோறும் நடக்கவில்லை. கோப்பைப் போட்டிகள் குறுக்கே வந்தால் ஒப்புக்கொண்ட நட்பு ஆட்டங்களை அணிகள் கைவிட்டன. கூட்டம் வந்து காத்திருக்கும், எதிரணி வராது. பர்மிங்காமில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரரும் ஆஸ்டன் வில்லாவின் நிர்வாகியுமான வில்லியம் மெக்ரெகர் இதற்கு ஒரு வழி சொன்னார். 1888 மார்ச் 2 அன்று சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். முன்னணி அணிகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து, ஒவ்வொன்றும் மற்றதோடு சொந்த ஊரில் ஒருமுறையும் வெளியூரில் ஒருமுறையும் குறித்த தேதியில் ஆடுவதாக உறுதி எடுக்க வேண்டும் என்பது அவர் யோசனை. ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரின் ராயல் ஓட்டலில் லீக் பிறந்தது. அதன் அடிப்படை விதி ஒன்றுதான்: சொன்ன நாளில், முழு பலத்தோடு வந்து ஆட வேண்டும். எதிரி வராவிட்டால் தனக்கும் வருமானமில்லை என்பதை உணர்ந்த வியாபாரியின் அறிவு இது. போட்டியாளரின் பிழைப்பில்தான் தன் பிழைப்பும் இருக்கிறது என்ற இந்த அறிவே பின்னால் வந்த பங்கீட்டு விதிகள் எல்லாவற்றுக்கும் வேர்.

செப்டம்பர் 8 அன்று ஐந்து ஆட்டங்களோடு சீசன் தொடங்கியது. டீப்டேலில் பிரஸ்டன் பர்ன்லியை 5-2 என்று வென்றது. பட்டியலை எப்படிக் கணக்கிடுவது என்பதைக்கூட அப்போது முடிவு செய்திருக்கவில்லை. வெற்றிக்கு இரண்டு, சமனுக்கு ஒன்று என்ற புள்ளி முறை நவம்பரில்தான் தீர்மானமானது. முதலில் ஒப்பந்தம், பிறகுதான் கணக்கு. சீசன் முடிவில் பிரஸ்டன் 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 சமன் என ஒன்றிலும் தோற்காமல் 40 புள்ளிகளோடு நின்றது. இரண்டாமிடத்து ஆஸ்டன் வில்லாவுக்கு 29. அதே சீசனில் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்று, இறுதியாட்டத்தில் வுல்வர்ஹாம்ப்டனை 3-0 என்று தோற்கடித்தது. முதல் பிரிவு லீகில் ஒரு சீசன் முழுக்கத் தோற்காமலிருந்து பட்டம் வென்ற அடுத்த அணி 2003-04இன் ஆர்சனல். இடையில் 115 ஆண்டுகள். என் கண்ணில் இதைவிடப் பெரிய செய்தி பட்டியலின் அடியில் இருக்கிறது. கடைசி நான்கு இடங்களில் முடித்த பர்ன்லி, டெர்பி, நாட்ஸ் கவுண்டி, ஸ்டோக் நான்கும் மறுதேர்தலுக்கு நிற்க வேண்டும் என்பது விதி. நான்கையும் மற்றவர்கள் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதத்தைச் சந்திக்காமல் நகர முடியாது. பிரஸ்டனின் வெற்றிக்குப் பின்னாலிருந்த பணம் நேர்மையானதா? இல்லை. 1895இல் சடல் தான் நிர்வகித்த ஆலைகளின் பணம் ஐயாயிரம் பவுண்டுக்கு மேல் கையாடியதாகத் தண்டிக்கப்பட்டு மூன்றாண்டு சிறைக்குப் போனார். விடுதலைக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய், அங்கேயே இறந்தார். பிரஸ்டன் 1890இல் இரண்டாவது பட்டத்தை வென்றதோடு சரி. இன்றுவரை மூன்றாவது கிடைக்கவில்லை. பணம் கெடுக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் இது எதைக் காட்டுகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுத்தது சடலின் குற்றமல்ல. கணக்குக் கேட்க ஆளில்லாத ஒற்றை மனிதரின் கையில் ஓர் ஊரின் அணி இருந்தது, அந்த மனிதர் விழுந்ததும் அணியும் விழுந்தது. இந்தப் பாடத்தை இங்கிலாந்துக் கால்பந்து விரைவில் எழுத்திலும் வடித்தது. கிளப்புகள் கம்பெனிகளாகப் பதிவானபோது, பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் லாபத்துக்கு எஃப்.ஏ. உச்சவரம்பு வைத்தது. இயக்குநர்கள் சம்பளம் வாங்கக் கூடாது என்றது. கிளப் யாரையும் பணக்காரராக்கும் சொத்தாகிவிடக் கூடாது என்ற தெளிவு அன்று இருந்தது.

பிரஸ்டனை விட்டால் இருபது நிமிடத்துக்குள் பிளாக்பர்ன். இந்தியாவோடு இந்த ஊருக்கு உள்ள தொடர்பு பழையது, நமக்கு வலி தந்தது. இந்தியச் சந்தைக்கான வேட்டித் துணியை மலைமலையாக நெய்து அனுப்பிய ஊர் இது. நம் தறிகள் ஓய்ந்ததற்கும் இவ்வூர்த் தறிகள் ஓடியதற்கும் தொடர்பு உண்டு. 1931இல் காந்தி பக்கத்து டார்வனுக்கு வந்து, அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்திருந்த ஆலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார். பருத்தித் தொழில் இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்குகளை விட்டு முற்றாகப் போய்விட்டது. ஆலைகள் பல இடிக்கப்பட்டன, சில கிடங்குகளாயின. பர்ன்லியின் குவீன் ஸ்ட்ரீட் ஆலை போன்றவை அருங்காட்சியகமாயின. ஊரின் பெயரைத் தாங்கி எஞ்சி நிற்கும் பழைய அமைப்பு கால்பந்து கிளப்தான். கிளப் மூடப்படுவதை மற்றொரு தொழில் நிறுவனம் மூடப்படுவதைப் போல இங்குள்ளவர்களால் எடுத்துக்கொள்ள முடியாததன் காரணம் இதில் இருக்கிறது. ஆலை மூடினால் பிழைப்புத் தேடி இன்னோர் ஆலைக்குப் போவார்கள். கிளப் மூடினால், வேறு கிளப்பைப் பிடித்துக்கொள்ளலாமே என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது.

பிளாக்பர்னில் ஒரு காலத்தில் இரண்டு பெரிய அணிகள் இருந்தன. 1883இல் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, ஓல்டு எட்டோனியன்ஸ் என்ற பழைய மாணவர் அணியைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை வடக்கே கொண்டுவந்தது. நெசவாளிகளும் கைவினைஞர்களும் கொண்ட அந்த அணியை, இறுதியாட்டத்துக்கு முன் உள்ளூர் இரும்பு வார்ப்பாலை முதலாளி ஒருவரின் செலவில் பிளாக்பூல் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கிலாந்தின் கால்பந்து மேட்டுக்குடியினர் கையிலிருந்து உழைப்பாளிகள் கைக்கு மாறிய நாள் அது. ஆனால் ஐந்தாண்டு கழித்து லீக் பிறந்தபோது ஓர் ஊருக்கு ஓர் அணி என்றார்கள். பிளாக்பர்னின் இடம் ரோவர்ஸுக்குப் போனது. ஒலிம்பிக் 1889இல் கலைந்தது. ஆக, பங்கீட்டின் அடையாளம் என்று புகழப்படும் லீக் பிறக்கும்போதே ஒரு மூடிய குழுவாகத்தானே இருந்தது என்று கேட்பவருக்கு நியாயமிருக்கிறது. பன்னிரண்டு பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கதவு சாத்தியபடியே இருக்கவில்லை. 1892இல் இரண்டாம் பிரிவு வந்தது. போட்டி அமைப்பான ஃபுட்பால் அலையன்ஸின் அணிகள் உள்ளே சேர்க்கப்பட்டன. ஏற்றமும் இறக்கமும் பழகின. 1921க்குள் நான்கு பிரிவுகள் உண்டாயின. 1986-87 சீசனிலிருந்து, கீழ்ப்படியிலுள்ள அமைப்பின் வெற்றியாளர் ஓட்டெடுப்புக்குக் காத்திருக்காமல் நேராக மேலேறும் விதியும் வந்தது. தொடக்கத்தின் குறையை நூறாண்டு காலம் திருத்திக்கொண்டே வந்த அமைப்பு இது. 2021 ஏப்ரலில் ஆறு இங்கிலாந்து கிளப்புகள் ஐரோப்பியப் பெருங்கிளப்புகளோடு சேர்ந்து, நிரந்தர உறுப்பினர்களுக்குத் தோல்வியால் வெளியேற்றமே இல்லாத சூப்பர் லீக் ஒன்றை அறிவித்தபோது, அந்தக் கிளப்புகளின் ரசிகர்களே தெருவில் இறங்கி இரண்டே நாளில் அதை முறித்ததற்கு இந்த நீண்ட பழக்கமே காரணம்.

ரோவர்ஸின் ஈவுட் பார்க் மைதானம் இன்னொரு கேள்வியை எழுப்பும். உள்ளூரில் பிறந்து எஃகு வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த ஜேக் வாக்கர் தன் பணத்தைக் கொட்டி இந்த மைதானத்தைப் புதுப்பித்தார், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை வாங்கினார். 1994-95இல் ரோவர்ஸ் பிரீமியர் லீக் பட்டம் வென்றது. வள்ளல் ஒருவர் போதும், பங்கீடு எதற்கு என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. வாக்கரின் அன்பை நான் குறைத்து மதிக்கவில்லை. அவர் பணம் அவருடையது, ஊர் அவருடைய ஊர். ஆனால் பட்டம் வென்ற நான்காம் ஆண்டிலேயே அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 2000இல் அவர் மறைந்தார். 2010இல் கிளப் புனேயின் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் கைக்குப் போனது. 2012இல் மறுபடி பிரீமியர் லீகிலிருந்து விழுந்தது, 2017இல் மூன்றாம் படிக்கே போய் ஓராண்டில் மீண்டது. சடல், வாக்கர் இருவரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஒருவர் மற்றவர் பணத்தை எடுத்தார், இன்னொருவர் தன் பணத்தைக் கொடுத்தார். ஆயினும் ஊருக்குக் கிடைத்த முடிவு ஒன்றுதான்: அந்த உயரம் ஒரு மனிதரோடு வந்து அவரோடு போனது. வள்ளல் தன்மைக்கு வாரிசு உரிமை கிடையாது. விதியாக எழுதப்பட்ட பங்குக்கு ஆள் மாறினாலும் ஆயுள் உண்டு.

பிளாக்பர்னை விட்டதும் அடுத்த பெரிய நிலையம் அக்ரிங்டன். ஊருக்கு மேலே வளைந்து செல்லும் கல் பாலத்தின் மீது ரயில் மெல்லப் போகும்போது கூரைகளும் சிவப்புச் செங்கல் வீடுகளும் கீழே விரியும். முதல் பன்னிரண்டில் ஒன்றான அக்ரிங்டன் அணி ஆடிய தார்னிஹோம் சாலை மைதானத்தில் இன்றும் உள்ளூர் கிரிக்கெட் கிளப் ஆடுகிறது. 1893இல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டதும் அதில் ஆட மறுத்து அந்தக் கால்பந்து அணி லீகை விட்டு வெளியேறியது. சில ஆண்டுகளில் கலைந்தது. ஊர் சோர்ந்துவிடவில்லை. அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற வேறோர் அணி வளர்ந்து 1921இல் லீகுக்குள் வந்தது. அதுவும் கடனில் மூழ்கி 1962 மார்ச்சில் சீசன் நடுவிலேயே விலகியது. காலியான இடம் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெடுக்குக் கொடுக்கப்பட்டது. 1968இல் ஊரார் ஸ்டான்லியை மீண்டும் தொடங்கி, அடிமட்டப் போட்டிகளிலிருந்து படிப்படியாக ஏற்றி, 2006இல் லீகுக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு லீகிலிருந்து இறங்கிய அணிகளில் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு. பழைய காலத்திலும் சிறிய கிளப்புகள் செத்தனவே, இன்றைய அமைப்பை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு அக்ரிங்டன் இரு பக்கமும் சாட்சி சொல்கிறது. பங்கீடு எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. தவறான நிர்வாகத்தை எந்த விதியும் முழுதாகத் தடுக்காது. ஆனால் விழுந்தவர் எழுந்து ஏறுவதற்கு ஏணி இருந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆனாலும் ஏறினார்கள்.

பர்ன்லியில் டர்ஃப் மூர் மைதானம் ஊரின் நடுவிலிருந்து சில நிமிட நடையில், வரிசை வீடுகளை ஒட்டி நிற்கிறது. கிளப் 1883 முதல் இதே இடத்தில் ஆடுகிறது. ஏறக்குறைய எண்பதாயிரம் பேர் வாழ்ந்த இந்த நெசவூர் 1959-60இல் இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வி இங்கேதான் எழுகிறது. அந்த ஆண்டு எந்த ஆட்டக்காரரும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது. 1901இல் நான்கு பவுண்டு என்று தொடங்கிய உச்சவரம்பு அது. மான்செஸ்டரிலும் அதே சம்பளம், பர்ன்லியிலும் அதே சம்பளம். 1961 ஜனவரியில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்த மிரட்டலோடு போராடி அந்த வரம்பை நீக்கியது. பர்ன்லி அதற்குப் பிறகு பட்டம் வென்றதில்லை. அப்படியானால் சிற்றூர்களைக் காத்தது கூலிக் கட்டுப்பாடுதானே, கெடுத்தது கூலி உயர்வுதானே?

இதற்கான பதிலில் ஒரு பாதி பிரஸ்டனின் டாம் ஃபின்னியின் வாழ்க்கையில் இருக்கிறது. இங்கிலாந்துக்கு 76 ஆட்டங்கள் ஆடி 30 கோல் போட்ட ஃபின்னி, குழாய் வேலை செய்து பிழைத்தபடியே தன் லீக் வாழ்க்கை முழுவதையும் பிரஸ்டனுக்கு ஆடினார். 1952இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவருக்குப் பன்மடங்கு சம்பளம் தர முன்வந்தது. பிரஸ்டன் நிர்வாகம் விடவில்லை. விட வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை, ஏனென்றால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரர் கிளப்பின் பிடியில்தான் இருந்தார். ஃபின்னியின் ஊர்ப்பற்று உண்மையானது. ஆனால் அவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை என்பதும் உண்மை. ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கிப் பார்த்த மனிதனுக்குக் குழாய்ப் பை தேவைப்பட்டது என்பதை அழகான பழங்கதையாக நினைத்து ஏங்குவது தவறு. உழைப்பவனின் வயிற்றைக் கட்டித்தான் சமநிலை வாங்க முடியும் என்றால் அந்தச் சமநிலை எனக்கு வேண்டாம்.

பதிலின் மறு பாதி கணக்கில் இருக்கிறது. 1961இல் நீங்கியது சம்பள வரம்பு மட்டுமே. பங்கீட்டு விதிகள் அப்படியே இருந்தன. சொந்த மைதான வசூலில் ஒரு பகுதி வருகை தரும் அணிக்குப் போனது. 1960களில் தொலைக்காட்சிப் பணம் வந்தபோது அது 92 கிளப்புகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. அந்த விதிகள் இருந்தவரை, சம்பளம் கட்டற்றுப் போன பிறகும், டெர்பி 1972இலும் 1975இலும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1978இலும் பட்டம் வென்றன. ஒவ்வொன்றாக அவை பிடுங்கப்பட்டது 1980களில். 1983இல் வசூல் பங்கு நீக்கப்பட்டு, சொந்த மைதான வருமானம் முழுதும் அந்தக் கிளப்புக்கே என்றானது. அதே ஆண்டு டாட்டனம் கிளப் மேலே ஒரு கம்பெனியை நிறுவிப் பங்குச் சந்தைக்குப் போனது. லாப வரம்பு விதி அந்த வழியில் செயலற்றுப் போனது. அந்தப் பத்தாண்டின் நடுவில் முதல் பிரிவு தொலைக்காட்சிப் பணத்தில் பாதியைத் தனக்கென எடுத்துக்கொண்டது. 1992இல் பிரீமியர் லீகாகத் தனியே பிரிந்து, தான் விற்கும் ஒளிபரப்பின் பணத்தைத் தானே வைத்துக்கொண்டது. பட்டம் ஒருசில பணக்காரக் கிளப்புகளின் வட்டத்துக்குள் அடைபட்டது அதற்குப் பிறகு. 1995இன் பிளாக்பர்னும் 2016இன் லெஸ்டரும் விலக்குகள். விலக்கு என்று எல்லோரும் வியந்ததே நிலைமையைச் சொல்கிறது.

பர்ன்லியில் இறைச்சி வணிகம் செய்து கிளப்பின் தலைவரான பாப் லார்டு விட்டுப்போன விதி ஒன்று மட்டும் இன்னும் பிழைத்திருக்கிறது. 1850இன் தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளைச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு நிறுத்தச் சொன்னது. மூன்று மணி ஆட்டம் என்ற வழக்கம் அந்த அரைநாள் ஓய்வில் பிறந்தது. பெரிய அணிகளின் ஆட்டம் அந்த நேரத்தில் வீட்டுக்கே நேரடியாக வந்தால் சிறிய மைதானங்கள் காலியாகும் என்று லார்டு 1960களில் வாதிட்டார். சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து ஆட்டமும் நேரடியாக ஒளிபரப்பாகாது என்ற தடை அவர் வாதத்தின் விளைவு. அந்த ஆட்டங்களைச் சென்னையில் ஒருவர் இரவில் நேரடியாகப் பார்க்க முடியும், பர்ன்லிக்காரரால் முடியாது. உலகின் மிகப் பெரிய ஒளிபரப்பு வணிகமொன்று அக்ரிங்டனின் நுழைவு வாசலுக்காக இரண்டரை மணி நேரம் சொந்த நாட்டில் கதவடைக்கிறது. பங்கீடு நடைமுறைக்கு ஒவ்வாத பழைய கனவு என்பவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்கும் இந்த நடைமுறையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மான்செஸ்டர் யுனைடெடை உலகம் பார்க்கிறது, அக்ரிங்டனைப் பார்ப்பதில்லை. சம்பாதிப்பவர் ஏன் கொடுக்க வேண்டும் என்பது கடைசியாக வரும் எதிர்வாதம். மேம்போக்கில் நியாயமாகத் தெரியும். ஆனால் பெருங்கிளப்புகளின் வருமானம் அவை தனியே உண்டாக்கியதல்ல. 1995இல் பத்தொன்பது வயது டேவிட் பெக்கமை மான்செஸ்டர் யுனைடெட் பிரஸ்டனுக்குத்தான் கடனாக அனுப்பியது. தொழில்முறை லீகின் முரட்டுத்தனத்தை அவர் பழகியது டீப்டேலில். லெஸ்டரின் 2016 பட்டத்துக்குக் கோல் போட்ட ஜேமி வார்டி அதற்கு நான்காண்டு முன்பு, லீகுக்குள்கூட இல்லாத லங்காஷயரின் ஃபிளீட்வுட் டவுனில் ஆடிக்கொண்டிருந்தார். கீழ்ப்படிகள் ஆட்டக்காரர்களை வளர்க்கின்றன, ரசிகர்களைப் பழக்குகின்றன, ஏற்ற இறக்கத்தின் பதைப்பைத் தருகின்றன. உலகம் காசு கொடுத்துப் பார்ப்பது அந்தப் பதைப்பையும் சேர்த்துத்தான். இன்றைய நிலை என்ன? சமீபச் சீசன்களில் பிரீமியர் லீகின் கடைசி இடத்து அணிக்கே நூறு மில்லியன் பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. அங்கிருந்து இறங்கும் அணிக்கு முதலாண்டில் ஒளிபரப்புச் சமபங்கின் 55 விழுக்காடு தொடர்ந்து வருவதால், இரண்டாம் படியில் அது மற்றவர்களைவிடப் பன்மடங்கு பணத்தோடு நிற்கிறது. அந்த இடைவெளியைத் தாண்ட மற்றக் கிளப்புகள் வருமானத்துக்கு மேல் செலவு செய்கின்றன. செலவைத் தாங்க யார் வந்தாலும் கிளப்பை விற்கின்றன.

அப்படி விற்கப்பட்ட கிளப்புக்கு என்ன ஆகும் என்பதை அறிய மான்செஸ்டரிலிருந்து டிராமில் பரிக்குப் போக வேண்டும். 1894 முதல் லீகில் இருந்த பரி கிளப் 1903இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் டெர்பியை 6-0 என்று வென்றது. கோப்பை இறுதியின் மிகப் பெரிய வெற்றியான அதை 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டி சமன் செய்தது. அதே வசந்தத்தில் பரி தன் பிரிவில் இரண்டாமிடம் பிடித்து மூன்றாம் படிக்கு ஏறியிருந்தது. ஆட்டத்தில் தோற்கவில்லை, ஆட்கள் வராமலில்லை. ஆனால் கிளப் முந்தைய டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது, மைதானத்தின் மேல் கடன் இருந்தது, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. நிதி ஆதாரத்தைக் காட்ட முடியாததால் 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக் பரியை நீக்கியது. சிட்டியின் மைதானத்துக்கும் பரிக்கும் இடையே பத்து மைல்கூட இல்லை. ஒரே ஆண்டில், ஒரே பெருநகரப் பகுதியில், ஒரு கிளப் உள்நாட்டுக் கோப்பைகள் மூன்றையும் வென்றது, இன்னொன்று சில மில்லியன் பவுண்டு கடனுக்காக 125 ஆண்டு இடத்தை இழந்தது. இதை இயற்கையான சந்தை விளைவு என்று ஏற்க என்னால் முடியாது. 1888இல் பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்டதை அவர்களுடைய வாரிசுகள் கைவிட்டதன் விளைவு இது.

பரியின் வீழ்ச்சியும் சூப்பர் லீக் கலகமும் சேர்ந்து அரசை அசைத்தன. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, இங்கிலாந்தின் முதல் ஐந்து படிகளுக்கும் சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்பு உண்டானது. கிளப்பை வாங்க வருபவரின் தகுதியைச் சோதிக்கவும், தன் அனுமதியின்றி மைதானத்தை விற்பதைத் தடுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. பிரீமியர் லீகும் கீழ்ப்பிரிவுகளும் பணப் பங்கீட்டில் உடன்படாவிட்டால் தலையிட்டுத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் உண்டு. உரிமையாளரைச் சோதிப்பது அவசியம், ஆனால் அது சடலையும் பரியை வாங்கியவரையும் தடுக்குமே தவிர, வாக்கர் இல்லாத பிளாக்பர்னைத் தாங்காது. கடைசியாகச் சொன்ன அதிகாரம்தான் முக்கியமானது, அதைப் பயன்படுத்தத் தயங்கினால் இந்தச் சட்டம் பாதிச் சட்டம்.

2023 முதல் கிக் லேன் மைதானத்தில் மீண்டும் பரி கிளப் ஆடுகிறது, லீகுக்கு வெகு கீழே. இங்கிலாந்துக்குக் கால்பந்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓல்டு டிராஃபோர்டைப் பாருங்கள், தவறில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமையை மட்டும் இந்த ஊர்களில் ஒன்றுக்கு ஒதுக்கி, மூன்று மணி ஆட்டத்துக்கு வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள். அந்தக் காசு அந்த ஊரிலேயே தங்கும்.